மாத்துக்கு வந்தவன்

மத்தியானம் ஒரு மணி. உச்சிப்புளியிலிருந்து புதுமடம் கடற்கரைக்குப் போகிற சாலை. ஈ காக்கா இல்லை...

சிரிக்காதீர்கள். பேய் என்றால் நடுராத்திரியில்தான் வர வேண்டும் என்று எந்தச் சட்டத்தில் எழுதியிருக்கிறது? ராத்திரியிலாவது கடலில் லைட் கட்டி மீன் பிடிக்கிறவர்கள் இருப்பார்கள். குரைப்பதற்கு நாலு நாய் இருக்கும். சித்திரை வெயில் மத்தியானத்தில் அந்தப் பக்கம் நாய்கூடப் போகாது. நம்பாதவர்கள் ஒரு நாள் போய் நின்று பாருங்கள்... வேண்டாம், போகாதீர்கள். ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

வெங்காயம் உரிக்கிறவர்கள் உரித்துக்கொண்டே கேளுங்கள். விடிந்தால் காதுகுத்து, ஊரே சாப்பிட வருகிறது. அந்தச் சமையல்கட்டு லைட்டை மட்டும் அணைக்காதே, ராக்கு. குரலையும் கொஞ்சம் தாழ்த்திக்கொள்ளலாம். உள்ளே நம் மருமகள் நாகஜோதி பிள்ளையைத் தூங்க வைத்துக்கொண்டிருக்கிறாள். நடந்தது அவளுடைய சித்தப்பா மகனுக்கு. யோகேஸ்வரனுக்கு.

யோகேஸ்வரன் போலீஸ் என்பது உங்களுக்குத் தெரியும். ஆனால் அவனைக் காக்கியில் யாராவது பார்த்திருக்கிறீர்களா? பார்த்திருக்க முடியாது. அவன் மப்டி. கடல் வழியாகக் கடல் அட்டையும் பீடி இலையும் மஞ்சள் மூட்டையும் அக்கரைக்கு, இலங்கைக்கு, போகிறதே, அதைப் பிடிக்க ஒரு தனிப்படை போட்டிருந்தார்கள். அதில் இவனையும் சேர்த்துவிட்டார்கள். கமுதிப் பக்கம் மிளகாய்க் காட்டில் வளர்ந்தவன். கடலைப் பார்த்தால் பெரிய கண்மாய் என்று நினைக்கிறவன். அவனைக் கைலி கட்டிக் கரையில் உட்கார வைத்து, கையில் ஒரு தூண்டில் கயிற்றைக் கொடுத்து, மீனவன் மாதிரி இரு என்றால் எப்படி இருப்பான்? ஆனாலும் இருந்தான். வேலை அப்படி.

அவர்கள் காவல் இருந்த இடம் புதுமடத்துக்குக் கொஞ்சம் தள்ளி. சாய்ந்த பனை ஒன்று. அதற்குக் கீழே கவிழ்ந்து கிடக்கும் ஒரு உடைந்த பைபர் படகு. கடத்துகிறவர்களும் சும்மா இல்லை. தூரத்தில் படகில் நின்றுகொண்டு, கரையில் யார் வருகிறான், யார் போகிறான் என்று பைனாகுலரில் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். ஆள் மாறினால் போலீஸ் என்று தெரிந்துவிடும். அதற்காக இன்ஸ்பெக்டர் ஒரு ஏற்பாடு செய்திருந்தார். அந்த இடத்துக்கென்று ஒரு நீலக் கட்டம் போட்ட சட்டை. யார் காவலுக்கு உட்கார்ந்தாலும் அந்தச் சட்டைதான். மாத்துக்கு, அதாவது இருப்பவனை விடுவித்துக் காவலை ஏற்க, வருகிறவன் படகின் மறைவில் தன் சட்டையைக் கழற்றி இருப்பவனிடம் கொடுத்துவிட்டு, அவன் சட்டையை வாங்கி மாட்டிக்கொள்வான்.

"பாக்குறவன் கண்ணுக்குச் சட்டைதான்யா ஆளு. மூஞ்சிய எவன் பாக்குறான்?" என்பார் இன்ஸ்பெக்டர்.

அதில் ஒரு முறை இருந்தது. உட்கார்ந்திருப்பவன் "மாத்தா?" என்று கேட்பான். வந்தவன் "மாத்துதான்" என்பான். அதோடு பொறுப்பு கைமாறிவிடும். பேர் கேட்கக் கூடாது, நம்பர் கேட்கக் கூடாது. சல்யூட் என்று மூச்சு விடக் கூடாது. வெளி மாவட்டத்திலிருந்து ஆட்கள் வந்து போய்க்கொண்டிருப்பார்கள், பாதிப் பேருடைய முகம் மற்றவர்களுக்குத் தெரியாது. அடையாள அட்டை ஆபீஸ் பீரோவில். வழியில் பார்த்தாலும் தெரியாத மாதிரிப் போய்விட வேண்டும். மாத்து வராமல் மட்டும் இடத்தை விட்டு நகரக் கூடாது.

இவனுக்குக் கூடப் பிறந்தவள் ஒரே அக்கா, மாரிச்செல்வி. தாய் தகப்பன் போன பிறகு அவள்தான் இவனுக்கு எல்லாம். அவள் மகளுக்குக் காது குத்த வேண்டும். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தானே குத்துவோம்? ஒரு தடவை நாள் குறித்தார்கள், இவனுக்கு லீவு இல்லை. இன்னொரு தடவை குறித்தார்கள், கிளம்புகிற நேரத்தில் கூப்பிட்டுவிட்டார்கள். புகுந்த வீட்டில் பேச ஆரம்பித்தார்கள். "உந் தம்பி நெசமாவே இருக்கானா, இல்ல போட்டோல மட்டுமா?" என்று மாமியார் கேட்டாளாம். இந்தத் தடவையும் வராவிட்டால் பங்காளி வீட்டுப் பையன் ஒருவன் மடியில் வைத்துக் குத்திவிடுவது என்று முடிவு. அப்படி நடந்தால் என்ன அர்த்தம்? மாரிச்செல்விக்குப் பிறந்த வீடு இல்லை என்று அர்த்தம். அந்தப் பேச்சோடுதான் அவள் ஆயுசு முழுக்க அந்த வீட்டில் இருக்க வேண்டும்.

போனில் அழுதாள். "அழாதக்கா. உசுரு போனாலும் வந்துருவேன்" என்று சொல்லிவிட்டான். சொல்லக் கூடாத வார்த்தை. சொல்லிவிட்டான்...

இந்தத் தடவை லீவு கிடைத்தது. அக்கா அனுப்பிய சட்டையைப் போட்டுக்கொண்டான். சந்தன நிறம், கை மடிப்பில் பட்டுச் சரிகை மாதிரி ஒரு கோடு. மாமன் சட்டை. பைக்கைத் துடைத்து, பாப்பாவுக்கு வாங்கிய கொலுசை முன் பையில் வைத்து, உச்சிப்புளி ரூமைப் பூட்டுகிறான்... போன் அடிக்கிறது. இன்ஸ்பெக்டர்.

"ஏப்பா, பனையடில இருக்குற வினோத்துக்குக் காய்ச்சலாம். போற வழிதான, ஒரு மணி நேரம் மட்டும் அவன மாத்தி விட்டுட்டுப் போயிரு. நான் வேற ஆள அனுப்பிர்றேன்."

கமுதிக்குப் போகிறவனுக்குப் புதுமடம் எப்படிப் போகிற வழியாகும்? மேற்கே போக வேண்டியவன் கைலியைக் கட்டிக்கொண்டு தெற்கே திரும்பினான். அதிகாரி சொன்னால் அதுதான் வழி.

இப்படியாகத்தான் அந்த ஒரு மணி வெயிலில் அந்தச் சாலையில் போனான். இரண்டு பக்கமும் உடைமரம். தார் இளகி டயரில் ஒட்டுகிற சத்தம்... சிக்... சிக்... சிக்... வேறு சத்தமே இல்லை.

சாலை முடிகிற இடத்தில் தென்னந்தோப்பு. வண்டியை நிழலில் நிறுத்திவிட்டு, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மணலில் இறங்கினான். செருப்பைத் தாண்டிச் சுட்டது. கடலில் அலை இல்லை. அந்தப் பக்கத்துக் கடல் அப்படித்தான், பாய் விரித்த மாதிரி கிடக்கும். பனை ஓலை மட்டும்... சர்ர்... சர்ர்... காற்றே இல்லாமல் ஓலை எப்படி அசைகிறது என்று அவன் யோசித்திருக்கலாம். லீவு கிடைத்தவன் அதையெல்லாம் யோசிப்பானா?

படகின் மறைவில் ஒருவர் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வினோத் இல்லை. சகாயவினோத் இளவட்டம், தங்கச்சிமடத்துக்காரன், தலை நிறைய முடி. இவருக்கு ஐம்பதுக்கு மேல் இருக்கும். நீலக் கட்டம் போட்ட சட்டை. கையில் தூண்டில் கயிறு.

யோகேஸ்வரன் தூண்டில் முள்ளைத்தான் முதலில் பார்த்தான். அதில் இரை இல்லை. மப்டியில் உட்காருகிறவர்கள் இரை குத்த மாட்டார்கள்; மீன் கடித்துத் தொலைத்தால் கண் அங்கே போய்விடும். சரி, நம் ஆள்தான். வினோத்துக்கு முடியவில்லை என்று வேறு யாரையோ உட்கார வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டான்.

காக்கியில் வந்திருந்தால் "நீங்க எந்த ஸ்டேஷன்?" என்று கேட்டிருப்பான். மப்டி. கேட்கக் கூடாது...

"மாத்தா?" என்றார் அவர். கடலைப் பார்த்துக்கொண்டேதான்.

"மாத்துதாண்ணே."

அந்த ஆள் ஒரு பெருமூச்சு விட்டார். அவ்வளவு நீளமான மூச்சை யோகேஸ்வரன் அதுவரை கேட்டதில்லை. விட்டுக்கொண்டே இருந்தார்... அதில் ஒரு வாடை. கரையில் ஒதுங்கி அழுகுகிற கடல் பாசி வாடை. கூடவே டீசல்.

பிறகு மெதுவாகச் சட்டைப் பொத்தானைக் கழற்ற ஆரம்பித்தார். விரல் எல்லாம் தண்ணீரில் ஊறி வெளுத்துச் சுருங்கியிருந்தது. கடலில் இறங்கிக் குளித்திருப்பார் போல என்று யோகேஸ்வரன் நினைத்தான். அவனும் கழற்றினான். மாமன் சட்டையைக் கொடுக்க மனசில்லை. ஒரு மணி நேரம்தானே...

"அண்ணே, சட்டைய அழுக்காக்கிராதீக. நாளைக்குக் காதுகுத்துக்குப் போடணும்."

"யாரு புள்ளைக்கு?"

"எங்க அக்கா புள்ளைக்கு. எம் மடிலதான் வைக்கணும்."

"எங்கன?"

இவனுக்குத்தான் சந்தோஷத்தில் வாய் நிற்காதே. கமுதிக்கு மேற்கே எங்கள் ஊர், கண்மாய்க்கரை அய்யனார் கோயில், காலையில் ஒன்பது மணிக்குள் குத்திவிடுவோம், அக்கா பேர் மாரிச்செல்வி, இரண்டு தடவை தள்ளிப் போய்விட்டது என்று ஒன்று விடாமல் சொல்லிவிட்டான். அவர் ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினார். மனப்பாடம் செய்கிற பிள்ளை மாதிரி.

"எம் புள்ளைக்கு என்னால போக முடியல" என்றார். "மாத்து வரல."

அந்த நேரம் பார்த்து யோகேஸ்வரனுக்குப் போன் அடித்தது. அக்கா. எடுக்கப் போனான்.

"டூட்டில போன் பேசக் கூடாது தம்பி."

குரலில் அதட்டல் இல்லை. ஆனாலும் இவன் கை தானாகப் போனைக் கைலி மடிப்புக்குள் செருகிவிட்டது. மணி அடித்து அடித்து ஓய்ந்தது. வாங்கிய சட்டையை மாட்டினான். சொட்டச் சொட்ட ஈரம். அந்த வெயிலில் அப்படி ஒரு குளிர்ச்சி... எலும்புக்குள் போகிற குளிர்ச்சி. பாறாங்கல்லைத் தோளில் வைத்த மாதிரி கனத்தது.

அவர் எழுந்து நடந்தார். திரும்பிப் பார்க்கவில்லை. முறை அதுதான், மாத்திக்கொண்டு போகிறவன் திரும்பிப் பார்க்கக் கூடாது. காய்ந்த மணலில் அவர் கால் வைத்த இடமெல்லாம் தண்ணீர் ஊறி நின்றது. யோகேஸ்வரன் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான். தோப்புப் பக்கம் பைக் கிளம்புகிற சத்தம் கேட்டது. தன்னுடைய பைக் மாதிரியே இருக்கிறதே என்று நினைத்தான். அப்புறம்தான் ஞாபகம் வந்தது. சாவி சட்டைப் பையில்.

"அண்ணே... ஏண்ணே!" என்று கத்தி எழுந்தான். சத்தம் உச்சிப்புளிப் பக்கம் போய்த் தேய்ந்துவிட்டது. அந்த ஆள் வண்டியைக் கடனாக எடுத்திருக்கிறார், வந்துவிடுவார், ஒரு மணி நேரம்தானே. இப்படித் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு உட்கார்ந்தான்.

கொஞ்ச நேரத்தில் கரையோரமாக சகாயவினோத் வந்தான். முகம் வெளுத்து, உதடு வறண்டு, கையில் தண்ணீர் பாட்டில். காய்ச்சல் தாங்காமல் வலைக்கொட்டகை நிழலில் போய்க் கொஞ்ச நேரம் படுத்திருக்கிறான். இடத்தை விட்டு நகரக் கூடாதவன் நகர்ந்திருக்கிறான். அந்தக் கொஞ்ச நேரம் அந்த இடம் ஆள் இல்லாமல் கிடந்தது. கிடந்ததா என்ன...

வினோத் வந்து படகோரமாக, யோகேஸ்வரனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். ஒரு முழ இடைவெளிதான். பேசவில்லை, பார்க்கவில்லை. யோகேஸ்வரனும் பேசவில்லை. தெரியாத மாதிரி இருப்பதுதானே அவர்கள் தொழில். பையன் நன்றாகத்தான் நடிக்கிறான் என்றுகூட நினைத்தான். அப்போதுதான் வினோத்தின் சட்டையைக் கவனித்தான்.

நீலக் கட்டம் போட்ட சட்டை. இடத்துச் சட்டை ஒன்றே ஒன்றுதான். அது வினோத் மேல் இருக்கிறது. அப்படியென்றால் தன் மேல் இருப்பது யாருடையது? குனிந்து பார்த்தான். கட்டமெல்லாம் மங்கி, காலருக்குள் பாசி முளைத்திருந்தது.

வினோத் போனை எடுத்து யாருக்கோ அடித்தான். யோகேஸ்வரன் மடியில் மணி அடித்தது.

எடுத்தான். "ஏலே வினோத்து, இங்கனதான்டா இருக்கேன். ஒம் பக்கத்துல."

"ஹலோ... அண்ணே... ஹலோ..." வினோத் போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தான், மறுபடி வைத்தான். "ஒண்ணும் கேக்கலண்ணே. கடல் எரைச்சலாக் கேக்கு. எங்கன நிக்கிறீக?"

யோகேஸ்வரன் அவன் தோளைப் பிடித்து உலுக்கினான். வினோத் தோளைக் குறுக்கிக்கொண்டு, காய்ச்சல்காரன் நடுங்குகிற மாதிரி நடுங்கினான். அவ்வளவுதான். பிறகு வினோத் இன்ஸ்பெக்டருக்குப் போன் போட்டான். அந்தப் பக்கத்திலிருந்து அவர் பேசியது இவனுக்கும் கேட்டது. "அவன் எங்கய்யா வாரான்? சந்தனக் கலர் சட்டையப் போட்டுக்கிட்டு ராமநாதபுரம் தாண்டிப் போறதச் செக்போஸ்ட்ல பாத்திருக்கானுக. கையக் காட்டுனா நிக்கக்கூட இல்லையாம். விடு, காதுகுத்துக்குப் போறான். நீ ஆள் வார வரைக்கும் இரு."

"நல்லா இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு வினோத் போனை வைத்தான். கோபம்கூடப் படவில்லை, நல்ல பிள்ளை.

யோகேஸ்வரன் ஓடினான். தோப்பைப் பார்த்து ஓடினான். மணல் போய்க்கொண்டே இருந்தது. தலையை நிமிர்த்தினால் எதிரே சாய்ந்த பனை. கடல் பக்கம் ஓடினான், முழங்கால் வரை தண்ணீர், இடுப்பு வரை தண்ணீர்... கண்ணைத் துடைத்துப் பார்த்தால் படகுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். கையில் தூண்டில் கயிறு. சட்டையைக் கிழித்தெறியலாம் என்று பொத்தானைப் பிடித்து இழுத்தான். நெஞ்சுத் தோலும் சேர்ந்து வந்தது. விட்டுவிட்டான்.

வெயில் தாழ்ந்தபோது அற்புதம்மாள் என்ற மனுஷி அந்த வழியாக வந்தாள். கடலில் பாசி எடுத்துவிட்டுத் திரும்புகிறவள், தலையில் ஈர மூட்டை. வினோத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"ஏய்யா, நீ யாரு பெத்த புள்ளையோ, இங்கன உக்காராத. ஆளு இருக்குற எடம்."

"எந்த ஆளு, யம்மா?"

"போலீசுக்காரராம். நாங்க போலீசுன்னு கண்டமா? கைலி கட்டிக்கிட்டு, எரை குத்தாத தூண்டில வச்சுக்கிட்டுக் கிறுக்கன் கணக்கா உக்காந்திருப்பாக. ஒரு நாள் காணோம். அப்புறம் கரை ஒதுங்குனாக. சட்டைல பேரு இல்ல, பைல கார்டு இல்ல. யாருன்னு தெரியாம நாங்கதான் பொதைச்சோம். ரொம்ப நாள் கழிச்சுத்தான் போட்டோவத் தூக்கிக்கிட்டுத் தேடி வந்தாக."

"பொதைச்சாச்சுல்ல? அப்புறம் என்ன?"

"பொதைச்ச மறுநாளும் இங்கனதான் உக்காந்திருந்தாக" என்றாள். சொல்லிவிட்டு, வினோத்துக்குப் பக்கத்தில் காலியாக இருந்த இடத்தைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டாள். பார்வை நேராக யோகேஸ்வரன் முகத்தில் வந்து நின்றது. "யேசுவே..." என்றாள். "இது வேற ஆளுல்லா!"

மூட்டையைக் கீழே போட்டுவிட்டு ஓடினாள். வினோத்தும் அதற்கு மேல் அங்கே இருக்கவில்லை.

ராத்திரியைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. இருட்டு, ஓலைச் சத்தம், குளிர். யார் யாருக்கோ போன் போட்டுப் பார்த்தான். எல்லாரும் ஹலோ ஹலோ என்று சொல்லி வைத்துவிட்டார்கள். அக்காவுக்கு மட்டும் போடவில்லை. அவள் பயந்துவிடுவாள் என்று நினைத்தான். இன்னொன்றும் இருந்தது. விடிவதற்குள் எப்படியாவது போய்விடலாம் என்று மனசின் ஒரு மூலை நம்பிக்கொண்டே இருந்தது, பாவம்.

விடிந்தது. வெயில் ஏறியது. போனில் மணியைப் பார்த்தான், ஒன்பதாகப் போகிறது. சார்ஜ் தீரப் போகிறது. அந்த நேரம் கோயிலில் என்ன நடக்கும் என்று அவனுக்குத் தெரியாதா? இன்னும் மாமன்காரனைக் காணோமே என்று மாமியார் ஜாடை பேசுவாள். அக்கா ரோட்டையே பார்த்துக்கொண்டு நிற்பாள். பங்காளி வீட்டுப் பையனை மனையில் உட்காரச் சொல்வார்கள். என்னால் வர முடியாதுக்கா என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும் என்று நினைத்தான். அக்காவுக்கு அடித்தான்.

எடுத்தாள். பின்னால் மேளச் சத்தம், ஆட்கள் சிரிக்கிற சத்தம்.

"ஹலோ? யாரு பேசுறது?"

"அக்கா... அக்கா, நாந்தான்."

"ஹலோ... ஒரே எரைச்சலா இருக்கு..." அவள் குரலில் அவ்வளவு சந்தோஷம். எத்தனையோ வருஷமாக அவன் கேட்காத சந்தோஷம். யாரிடமோ திரும்பிச் சொன்னாள். "ஏலே யோகு, ஒன் நம்பர்ல இருந்து எவனோ கூப்புடுறான் பாரு. போனத் தொலச்சுட்டியாலே?"

போன் கை மாறியது. ஒரு மூச்சு... நீளமான மூச்சு. பிறகு யோகேஸ்வரனுக்கு அவனுடைய குரலே கேட்டது.

"டூட்டில போன் பேசக் கூடாது தம்பி."

இணைப்பைத் துண்டிக்கவில்லை. பக்கத்தில் எங்கேயோ போனைக் கீழே வைத்துவிட்டார்கள். எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தது. ஆசாரி "புள்ளைத் தலைய நல்லாப் புடிங்க மாப்ள" என்றார். பாப்பா வீறிட்டு அழுதது. மேளம் உச்சத்துக்குப் போனது. பாப்பா அழுகையைச் சட்டென்று நிறுத்தியது. அழுது ஓய்ந்த மாதிரி இல்லை... வாயைப் பொத்திய மாதிரி. அக்காவின் குரல் கிட்டத்தில் கேட்டது.

"இதென்னலே, மடியெல்லாம் இப்படி ஈரமா இருக்கு?"

போன் அணைந்தது.

அவ்வளவுதான் கதை... இப்போது நீங்களே சொல்லுங்கள். முன்னெல்லாம் யோகேஸ்வரன் எந்த விசேஷத்துக்கு வந்தான்? இப்போது ஒன்றாவது தவறுகிறானா? லீவு எப்படிக் கிடைக்கிறது என்று யாராவது கேட்டோமா? வருகிறான், சிரிக்கிறான், பந்தியில் பரிமாறுகிறான். மீன் மட்டும் தொடமாட்டான். அந்தச் சந்தன நிறச் சட்டையைக் கழற்றி யாரும் பார்த்ததில்லை. மாமன் முறையில் எந்தப் பிள்ளைக்கும் குறை வைப்பதில்லை. மாரிச்செல்வியின் மாமியார்கூட மெச்சிக்கொள்கிறாள்.

மாரிச்செல்விதான் அவனோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. சோற்றைப் போட்டுவிட்டு உள்ளே போய்விடுவாள். மத்தியானம் ஒரு மணிக்கு அவள் போன் அடிக்கும். அந்தப் பழைய நம்பர். எடுத்தால் கடல் இரைச்சல்தான். "சாப்டியாலே?" என்று மட்டும் கேட்பாள். கேட்டுவிட்டு, இரைச்சல் நிற்கிற வரைக்கும் காதில் வைத்துக்கொண்டு நிற்பாள்.

போய்க் கூட்டி வரலாமே என்கிறீர்கள். தனிப்படையைக் கலைத்துவிட்டார்கள், அங்கே இப்போது யாரும் உட்காருவதில்லை. இடம் காலியாகத்தான் கிடக்கிறது. போனால் அவன் கேட்பான், மாத்தா என்று. என்ன பதில் சொல்வாய், ராக்கு? இல்லை என்று சொல்லிவிட்டு வந்துவிடலாம் என்கிறாய். அந்தக் குரலைக் கேட்ட பிறகு இல்லை என்று சொல்ல உனக்கு வாய் வருமா? மாரிச்செல்விக்கு வராது. அதனால்தான் அவளைக் கமுதியைத் தாண்டிக் கிழக்கே யாரும் விடுவதில்லை.

நம் நாகஜோதிக்கோ கூடப் பிறந்தவன் இல்லை. நாளைக்குப் பிள்ளைக்கு மாமன் மடி அந்தச் சந்தனச் சட்டைக்காரன் மடிதான். வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தாகிவிட்டது. இனி வேண்டாம் என்று எந்த வாயால் சொல்வது? பைக்கில் கிளம்பிவிட்டானாம், விடிவதற்குள் வந்துவிடுவான்.

ஒன்று மட்டும் செய்யுங்கள். அவன் மனையில் உட்கார்ந்ததும் மடியில் ஒரு தடித்த துண்டை நாலாக மடித்துப் போட்டுவிடுங்கள். பச்சைப்பிள்ளைக்கு ஈரம் ஆகாது.